நீல டேங்கு

கீரமங்கலத்திலிருந்து மினி பஸ்ஸில் கால் மணி நேரம் போனால் எங்கள் தோட்டம். புயலில் தென்னைகள் மொத்தமாகச் சாய்ந்த பிறகு வெட்டவெளியாகக் கிடந்த இடத்தில் என் கொழுந்தனார் நிழல்வலைக் குடில் போட்டார். இரும்புக் குழாய்களை நட்டு, மேலேயும் நாலு பக்கமும் பச்சை வலையை இழுத்துக் கட்டிய கூடம். பாதி வெயிலைத்தான் உள்ளே விடும். வெக்கையை மட்டும் வெளியே விடாது. பதினோரு மணிக்கு மேல் உள்ளே நின்றால் ஜாக்கெட்டைப் பிழியலாம்.

என் கணவர் குவைத்தில் டிரைவர். வீட்டில் நான், மாமனார், கொழுந்தனார், அவர் மனைவி. எனக்கு ஓரகத்தி என்றாலும் அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவள் நார்த்தாமலைப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருடம் ஒரு நர்சரியில் கூலி வேலை பார்த்தவள். கீரை நாற்றுப் போடலாம் என்பது அவள் யோசனை.

"கத்திரி, மொளகா நாத்து ஊருக்கு ஊரு போடுறாகக்கா. மணத்தக்காளி நாத்து எங்கயும் கெடைக்காது. பசலை நாத்தும் கெடைக்காது" என்றாள்.

கீரைக்கு எதற்கு நாற்று, விதையை வீசினால் முளைக்காதா என்று மாமனார் கேட்டார். மணத்தக்காளி விதை கடுகில் கால்வாசி இருக்கும். வயலில் வீசினால் பாதியை எறும்பு இழுத்துப்போகும், மீதியை முதல் மழை மண்ணுக்குள் அமுக்கிவிடும். அதையே குழித்தட்டில் போட்டு, தென்னைநார்த்தூளும் மண்புழு உரமும் கலந்து நிரப்பிய குழிக்கு ஒரு செடியாக வளர்த்து, நாலு இலை விட்டதும் வயலில் நட்டால் ஒன்றுகூடப் பழுதாகாது. அவள் இதைச் சொல்லவில்லை. ஒரு தட்டு வளர்த்துக் காட்டினாள். அதன் பிறகு மாமனார் எதுவும் கேட்கவில்லை.

குடில் போட்ட வருடம் முடிவதற்குள் கொழுந்தனார் இறந்துபோனார். புதுக்கோட்டையிலிருந்து புது வலை வாங்கிக்கொண்டு பைக்கில் வந்தவர்மேல் ஆலங்குடிக்கு முன்னால் லாரி மோதிவிட்டது. அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. குழந்தை இல்லை. காரியம் முடிந்ததும் அவளுடைய அப்பா கூட்டிப்போக வந்தார். அவள் போகவில்லை. "தட்டுல நாத்து நிக்குது" என்று மட்டும் சொன்னாள். பதினாறாம் நாளுக்கு மறுநாள் காலையில் அவள் குடிலுக்குள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னென்னவோ பேசினார்கள். நான் அவளுக்காகச் சண்டை போட்டேன். இதையும் சொல்லத்தான் வேண்டும். அவள்மேல் எனக்குப் பிரியம் இல்லாமல் இல்லை.

இரண்டு வருடம் நாங்கள் இருவரும் சேர்ந்தே வேலை பார்த்தோம். நான் தூள் கலப்பேன், தட்டு நிரப்புவேன். விதை போடுவது அவள். ஈரமான தீக்குச்சி நுனியில் ஒரு விதையை ஒட்டவைத்துக் குழியில் விடுவாள். பேச்சு குறைவு. வேலை முடிந்ததும் வரப்பில் உட்கார்ந்து இருவரும் ஒரே தூக்குவாளியிலிருந்து கஞ்சி குடிப்போம்.

ஆனால் நாற்று வாங்க வருகிறவர்கள் அவளைத்தான் தேடுவார்கள். நான் நின்றுகொண்டிருக்கும்போதே, "அந்தச் சின்னப் பொண்ணு இல்லைங்களா? அப்பறமா வாரோம்" என்று போவார்கள். மாமனாரும் "அவளக் கேட்டுக்க" என்பார். வீட்டுக்கு மூத்தவள் நான். நான் வேலை தெரியாத ஆள் மாதிரி ஆகிக்கொண்டிருந்தேன். அது எனக்குள் சின்ன முள்ளாக இருந்தது. பெரிதாக இல்லை. இருந்தது.

மருந்து அடிக்க எங்களிடம் இரண்டு டேங்குகள் உண்டு, முதுகில் மாட்டிக்கொண்டு கையால் அடிக்கிற ரகம். பச்சை டேங்கு குடிலுக்கு மட்டும். நீல டேங்கு வயலுக்கு. மாமனார் நெல்லுக்குக் களை மருந்து அடிப்பது அதில்தான். நீல டேங்கைக் குடில் பக்கம் கொண்டுவரக் கூடாது என்பது அவள் வைத்த சட்டம். கழுவிவிட்டுக் கொண்டுவந்தாலும் கூடாது. ஒருமுறை மாமனார் அதைக் குடில் வாசலில் சாய்த்துவைத்ததற்கு, அவரிடம் ஒன்றும் சொல்லாமல் தானே தூக்கிக்கொண்டுபோய் மோட்டார் கொட்டகையில் வைத்துவிட்டு வந்தாள்.

அந்தப் பட்டத்துக்குப் பெரிய ஆர்டர் வந்திருந்தது. பக்கத்து ஊரில் ஒருவர் இரண்டு மா, ஏறக்குறைய அறுபத்தாறு சென்ட் நிலத்தில் மணத்தக்காளி போடப்போவதாகச் சொல்லி, பாத்தியும் கட்டிவிட்டுக் காத்திருந்தார். குடில் முழுக்க அவருக்கான தட்டுகள்தான். இரண்டு இலை விட்டு மூன்றாவது இலை எட்டிப் பார்க்கிற சமயம், அவளுடைய அப்பாவுக்குப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் என்று போன் வந்தது. தம்பிக்கு வேலை, தம்பி மனைவி மாசமாக இருந்தாள், கூட இருக்க வேறு ஆள் இல்லை. மூன்று நாள் போக வேண்டும்.

"நாளைக்கிக் காலையில சூடோமோனாஸ் மட்டும் அடிச்சு விட்ருங்கக்கா. வேரழுகல் வந்துரக் கூடாது. வெயிலுக்கு முன்னாடி அடிச்சிருங்க" என்று பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

மறுநாள் காலையில் பவுடரைக் கரைத்து ஊற்றிப் பச்சை டேங்கை மாட்டினேன். கைப்பிடியை எத்தனை தரம் அடித்தாலும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. உள்ளே வாஷர் தேய்ந்துபோயிருந்தது. கீரமங்கலம் போய் வாங்கி வரலாம். ஆனால் கடை திறக்கப் பத்து மணி ஆகும். அதற்குள் வெயில் ஏறிவிடும். மறுநாள் அடித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அவள் சொன்னதைச் சொன்னபடி செய்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. நானும் தனியாகச் செய்வேன் என்று காட்ட வேண்டும் என்றும் இருந்திருக்கும்.

கொட்டகையிலிருந்து நீல டேங்கை எடுத்தேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். லேசாக வாடை வந்தது. ஒரு தரம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினேன். இரண்டாவது தரம் ஊற்றும்போது குவைத்திலிருந்து போன். பேசிக்கொண்டே டேங்கைக் கவிழ்த்துவிட்டேன். குழாயையும் நுனியையும் கழற்றிக் கழுவவில்லை. பச்சை டேங்கில் கரைத்ததை அதில் ஊற்றி, எல்லாத் தட்டுக்கும் அடித்து முடித்தேன். ஏழரை மணிக்குள் முடிந்துவிட்டது. அன்று மத்தியானமே கீரமங்கலம் போய்ப் புது வாஷர் வாங்கிவந்து பச்சை டேங்கில் மாட்டினேன். அப்போது எதையும் மறைக்கிற எண்ணம் இல்லை. ரிப்பேர் ஆனதைச் சரிபண்ணினேன், அவ்வளவுதான்.

அவள் திரும்பி வந்த அன்று நாற்றுகள் சுருண்டிருந்தன. முந்தின நாளே நான் பார்த்தேன். வெக்கையில் துவண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், அல்லது அப்படி நினைக்க விரும்பினேன். தண்டு வளைந்து தலை கீழே தொங்கியது. இலைகள் முறுக்கிக்கொண்டு நூல் நூலாக நின்றன. ஒரு தட்டு, இரண்டு தட்டு இல்லை. வாசல் தட்டிலிருந்து கடைசித் தட்டு வரைக்கும்.

அவள் கையில் இருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் வரிசை வரிசையாக நடந்து பார்த்தாள். ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள். வேர் வெள்ளையாக நன்றாக இருந்தது.

"அக்கா, பச்சை டேங்குலதான அடிச்சீங்க?" என்று கேட்டாள்.

அவள் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வருவதற்காகக் கேட்டாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஆமா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். திரும்பிப் போய்த் தூள் கலவை கிடந்த மூலையில் உட்கார்ந்தாள். அந்தத் தடவைதான் தென்னைநார்த்தூளைப் புது இடத்திலிருந்து வாங்கியிருந்தோம். அதை அவள்தான் பார்த்து வாங்கினாள். நார்த்தூளில் உப்பு இருக்கும், நாலைந்து தண்ணீர் மாற்றி அலச வேண்டும். அவள் அலசியதை நான் பார்த்தேன். அப்படியும், "ஒரு தண்ணி கொறச்சலா அலசிட்டேன் போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆலங்குடியில் விவசாய ஆபீஸில் ஒரு தட்டைக் கொண்டுபோய்க் காட்டலாம் என்றாள். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோக ஒரு தட்டைத் துணியில் கட்டவும் செய்தாள்.

"செத்துப்போனத காட்டி என்ன ஆகப்போகுது? விடு தங்கச்சி" என்றேன். பொய் சொன்னதைவிட இதுதான் இன்றைக்கும் என்னை அதிகமாக உறுத்துகிறது. அவள் என் பேச்சைக் கேட்டு முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.

ஆர்டர் கொடுத்தவர் சாயங்காலம் வந்தார். நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். "பாத்தி கட்டித் தண்ணி விட்டுட்டேனேம்மா" என்று இரண்டு தரம் சொன்னார். அவர் போன பிறகு மாமனார் குடிலுக்குள் வந்தார். அவர் குடிலுக்குள் வருவதே அபூர்வம். ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்து, திரும்ப வைத்தார்.

"வெதைக்கிறதுக்கும் ஒரு ராசி வேணும். தாலியறுத்த கைய நாத்துல வச்சா இப்பிடித்தான் நிக்கும். அப்பவே எல்லாரும் சொன்னாக, நான் கேக்கல."

அந்தக் கைதான் இரண்டு வருடம் எங்கள் எல்லாருக்கும் சோறு போட்டது. அவருக்கும் அது தெரியும். அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அவருக்கும் அவளுக்கும் நடுவில் நின்றிருந்தேன். வாயைத் திறந்திருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். மாமனார் என்னைத் திட்டியிருப்பார், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும். அதற்குத்தான் பயந்தேன்.

மறுநாள் அவளே எல்லாத் தட்டுகளையும் தூக்கிக்கொண்டுபோய்க் குப்பைக்குழியில் கவிழ்த்தாள். நான் உதவிக்குப் போனேன். "நீங்க இருங்கக்கா" என்றாள்.

அதன் பிறகு அவள் விதை போடவில்லை. தட்டு நிரப்பினாள், தூளை ஏழு தண்ணீர், எட்டுத் தண்ணீர் அலசினாள், விதைக் கிண்ணத்தை மட்டும் என்னிடம் நீட்டினாள்.

"நீங்க போடுங்கக்கா. என் கை வேணாம்."

நான் போட்டேன். தீக்குச்சி நுனியில் விதை ஒட்டாமல் இரண்டு மூன்று தரம் நழுவியது. இருந்தாலும் போட்டேன். எட்டாம் நாள் எல்லாக் குழியிலும் முளைத்து, பசேலென்று எழுந்து நின்றது. ஏன் நிற்காது? அதே தூள், அதே விதை, அதே தண்ணீர். எதிலும் ஒரு கெடுதலும் இருந்ததில்லை. மாமனார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பாத்தியா" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அவள் பூவாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அது நிரம்பி வழிந்தும் குழாயை மூடாமல் நின்றாள்.

அந்த நாற்றெல்லாம் விற்றுப்போன வாரம் அவள் கிளம்பினாள். இரண்டு கட்டைப்பை. நான் பஸ் நிறுத்தம் வரைக்கும் போனேன். "எப்ப வருவ?" என்று கேட்டேன். "பாப்பங்கக்கா" என்றாள். அவள் வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. பஸ் வரக் கொஞ்ச நேரம் ஆனது. அப்போதும் சொல்லியிருக்கலாம்.

எட்டு மாதம் போயிற்று. குடிலை நான்தான் பார்த்தேன். நாள்கூலிக்கு ஓர் அம்மா வந்தார். நாற்று நன்றாகவே வந்தது. வாங்க வருகிறவர்கள் என்னைக் கேட்டு வந்தார்கள். அதில் ஒரு துளி சந்தோஷம் இல்லை.

ஒருநாள் கீரமங்கலம் பூக்கடைப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "அந்தப் பச்சை வலை போட்ட தோட்டத்துல ஒரு பொண்ணு இருந்துச்சுல்ல, அது தொட்டா செடி சுருண்டுருமாம். மாமனாரே அனுப்பிச்சுட்டாராம்." எனக்கு அவர்களைத் தெரியாது, அவர்களுக்கும் என்னைத் தெரியாது. தொடுத்த முல்லைச் சரத்தைக் கடைக்காரர் நீட்டியதை வாங்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நார்த்தாமலைக்குப் போனேன். புதுக்கோட்டையில் பஸ் மாறி, திருச்சி ரோட்டில் இறங்கி, பாறை வெக்கையில் உள்ளே நடந்தேன். அவள் வீட்டில்தான் இருந்தாள். புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற வேலை, ஞாயிறு லீவு. சோப்பில் ஊறி அவள் விரல் நுனிகள் வெளுத்துத் தோல் உரிந்திருந்தன. அவளுடைய அப்பா உள்ளே படுத்திருந்தார். தம்பியும் அவன் மனைவியும் கைக்குழந்தையோடு கோயிலுக்குப் போயிருந்தார்கள்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடிக்காமலே சொன்னேன். நீல டேங்கை எடுத்ததை, ஒரு தண்ணீர் மட்டும் ஊற்றிக் கழுவியதை, போன் வந்ததை, வாஷர் வாங்கியதை. நான் முடித்ததும் குடிக்காத செம்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"கொழாய கழட்டிக் கழுவலையா?" என்றாள்.

"இல்ல."

"கொழாயிலதான் நிக்கும் அது."

பிறகு எழுந்து வாசலுக்குப் போய் நின்றாள். அங்கிருந்தே பேசினாள். "தம்பி மகனுக்கு மொதச் சோறு அத்தைதான் ஊட்டணும்னு கூப்புட்டாக. நான் மாட்டேன்னுட்டேன். யாரும் என்னைய ஒண்ணும் சொல்லல. நானாத்தான் வேணாம்னேன். எனக்கே பயமாப் போச்சு. புள்ளைக்கு எதாச்சும் ஆயிருச்சுன்னா?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. என் அழுகை அவளுக்கு ஒரு தொந்தரவு மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மாமாகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல. மொதல்ல ஒங்கிட்டச் சொல்லணும்னு..."

"அவுககிட்டச் சொல்லுங்க. ஊருக்குள்ளயும் சொல்லுங்க. என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா எனக்கு என்னக்கா ஆகும்?"

திரும்பி வந்துவிடு என்று கேட்கத்தான் போயிருந்தேன். வாயில் வரவில்லை. அவளாகவே, "இருட்டுறதுக்குள்ள கெளம்புங்க. கடைசி மினி பஸ்ஸ விட்டுட்டா நடக்கணும்" என்றாள். வாசலைத் தாண்டி அவள் வரவில்லை.

மறுநாள் மாமனாரிடம் சொன்னேன். மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்துவிட்டு, "அதுக்கு இப்ப என்னங்கிற?" என்றார். வைக்கோலை மாட்டுக்குப் போட்டார். அன்று ராத்திரிச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டார். அவர் அவளைப் போய்ப் பார்க்கவில்லை. குவைத்துக்கும் போனில் சொன்னேன். என் கணவர், "முடிஞ்சத எதுக்குக் கெளறுற" என்றார்.

ஊரில் சொல்வது இன்னும் கடினமாக இருந்தது. நாற்று வாங்க வருகிறவர்களிடம் நானாகவே பேச்சை எடுப்பேன். "அன்னைக்கு நாத்து சுருண்டது என் தப்புங்க, களை மருந்து அடிச்ச டேங்குல நான்தான் அடிச்சுட்டேன்" என்பேன். அவர்கள், "ஆமாங்க, டேங்க நல்லாக் கழுவணும்ங்க, எங்க வயல்லயும் ஒருதரம் இப்பிடித்தான்" என்று டேங்கைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள். கைராசிக் கதை ஊர் ஊராகப் போயிருந்தது. நான் சொன்னது குடில் வாசலைத் தாண்டியதாகத் தெரியவில்லை. பாத்தி கட்டி ஏமாந்தவர் ஒருவர்தான் முழுதாகக் கேட்டார். "அந்தப் பொண்ணு இப்ப எங்கம்மா இருக்கு?" என்றார். சொன்னேன். "பாவம்மா" என்றார். அவர் அன்று நாற்று வாங்கவில்லை.

போன மாசி மாதம் அவளிடமிருந்து போன் வந்தது. முதல் மணியிலேயே எடுத்தேன். ரேஷன் கார்டு விஷயம். அவள் பெயர் இன்னும் எங்கள் கார்டில் இருக்கிறது, அதை எடுத்தால்தான் அவளுடைய அப்பா கார்டில் சேர்க்க முடியும். "மாமா கையெழுத்து வேணுமாம். நீங்களே முடிச்சுக் குடுத்துருங்கக்கா" என்றாள். நல்லா இருக்கியா என்று கேட்டேன். "இருக்கேன்" என்றாள். தம்பி மகனைப் பற்றிக் கேட்க நினைத்தேன். அதற்குள் "வேலைக்கி நேரமாச்சு, வைக்கிறேன்" என்றாள்.

மாமனார் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றேன். கம்ப்யூட்டரில் இருந்த பெண் எங்கள் கார்டைத் திறந்தாள். கொழுந்தனார் பெயரை ஏற்கெனவே எடுத்திருந்தோம். இப்போது அவள் பெயர்.

"என்ன காரணம் போடணும்ங்க? இறப்பா, கல்யாணமா, வேற கார்டுக்கு மாத்துறதா?"

"வேற கார்டுக்கு" என்றேன்.

அந்தப் பெண் எதையோ தட்டினாள். போனுக்கு ஒரு நம்பர் வரும், சொல்லுங்கள் என்றாள். வந்தது. சொன்னேன். ஒரு தாளை எடுத்துக் கொடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அந்தத் தாளைப் போட்டோ எடுத்துத் தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சாயங்காலம் வரைக்கும் அவள் பார்க்கவில்லை. பிறகு பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் ஒன்றும் வரவில்லை. நான் குடிலுக்குப் போய் மாலைத் தண்ணீர் தெளித்தேன்.